விவசாயம் சொல்லித்தர ஆள் தேவை: இந்த ஆசிரியர் வேலை உங்களுக்குப் பொருந்துமா?

சுங்கை பாக்காப் பக்கம் போயிருக்கிறீர்களா? பினாங்கு மாநிலத்தின் தென் செபராங் பிறை மாவட்டத்தில், ஜாவிக்கும் சிம்பாங் அம்பாட்டுக்கும் நடுவே இருக்கும் சின்ன ஊர். கடைத்தெருவைத் தாண்டினால் செம்பனை. மேற்கே கொஞ்ச தூரம் போனால் பத்து காவான் தொழிற்பேட்டை. 2014இல் இரண்டாவது பினாங்கு பாலம் திறந்த பிறகு, இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தீவில் இருக்கும் தொழிற்சாலைகளும் கிட்டத்தில் வந்துவிட்டன.

இந்த ஊரில் படிவம் 3 முடித்த ஒரு பிள்ளை, "நான் படிவம் 4-ல விவசாயப் பாடம் எடுக்கப் போறேன், பிறகு அதுக்கே டீச்சராகப் போறேன்" என்று வீட்டில் சொன்னால் என்ன நடக்கும்? பல வீடுகளில் பதில் தயாராக இருக்கும்: "தாத்தா தோட்டத்துல பட்டது போதாதா? நீயும் மண்ணுலதான் நிக்கணுமா?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால், அது ஒரு பழைய வேலையைப் பார்த்துக் கேட்கும் கேள்வி. இன்று விவசாய ஆசிரியர் என்பவர் செய்யும் வேலை என்ன, அதற்குத் தேவை இருக்கிறதா, எப்படி அதற்குள் போவது, எங்கே சிக்கல் வரும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விவசாய ஆசிரியர் என்றால் யார்?

பள்ளி வளாகத்தில் புல் வெட்ட ஆள் பிடிப்பவர் இல்லை! மலேசிய இடைநிலைப்பள்ளிகளில் விவசாயம் ஒரு முறையான எஸ்.பி.எம். பாடம். படிவம் 4, 5 மாணவர்கள் விருப்பப் பாடமாக எடுக்கலாம். மண், உரம், பயிர், கால்நடை, பண்ணைத் தொழில் எல்லாம் அதில் வரும். இதைத் தவிர, தொழில்திறன் பாடங்கள் என்ற பிரிவில் உணவுப் பயிர் வளர்ப்பு, நிலவனப்பும் நாற்றங்காலும், நீர்வாழ் உயிரின வளர்ப்பு போன்றவையும் உண்டு.

தொழிற்கல்விக் கல்லூரிகள் இன்னொரு இடம். தெலுக் இந்தானிலும் பகாங்கின் செனோரிலும் விவசாயத்துக்கென்றே தொழிற்கல்விக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே சொல்லித்தருபவருக்குப் பாடநூல் மட்டும் தெரிந்தால் போதாது. பண்ணையை நடத்தவும் தெரிய வேண்டும்.

படிவம் 1 முதல் 3 வரை விவசாயம் தனிப் பாடமாக இல்லை. முன்பு 'வாழ்வியல் திறன்' பாடத்தில் விவசாயம் ஒரு தனிப் பிரிவாக இருந்தது. பள்ளி அதைத் தேர்வு செய்யலாம், அதற்கென ஒரு ஆசிரியர் இருப்பார். 2017 முதல் படிப்படியாக அந்தப் பாடம் போய், 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' வந்தது. மாணவர்கள் ஆர்.பி.தி. என்று சொல்வது இதைத்தான். படிவம் 2-இல் அக்குவாபோனிக்ஸ் ஒரு தலைப்பாக வருகிறது. ஆனால், அதை நடத்தும் ஆசிரியர் விவசாயம் படித்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. தொழில்நுட்பமோ மனையியலோ படித்து வந்தவராகவும் இருக்கலாம்.

தேவை இருக்கிறது என்றால், காலியிடம் ஏன் கண்ணில் படுவதில்லை?

குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. கணித ஆசிரியர் இல்லை என்றால் அது உடனே தெரிந்துவிடும். கணிதம் கட்டாயப் பாடம். வகுப்பு காலியாகக் கிடக்கும், பெற்றோர் பள்ளிக்கு வந்து கேட்பார்கள். விவசாயம் விருப்பப் பாடம். அதற்கு ஆசிரியர் இல்லை என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். பாடமே பட்டியலில் இருக்காது.

2020 முதல் படிவம் 4-இல் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பிரிப்பு இல்லை. பள்ளி தரும் பாடத் தொகுப்புகளில் இருந்து மாணவர் தேர்ந்தெடுக்கிறார். ஒரு பள்ளி எந்தத் தொகுப்பைத் தரும்? சொல்லித்தர ஆசிரியர் இருக்க வேண்டும், இட வசதி இருக்க வேண்டும், போதிய மாணவர்கள் சேர வேண்டும். இந்த மூன்றும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

விவசாய ஆசிரியர் ஓய்வு பெறுகிறார் அல்லது மாற்றலாகிப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் வரவில்லை. பள்ளி அந்தத் தொகுப்பை நிறுத்துகிறது. தொகுப்பு இல்லாததால் மாணவர்கள் கேட்பதில்லை. மாணவர்கள் இல்லாததால் அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் தேவை என்று பதிவாவதில்லை. சில வருஷம் போனால் பள்ளிக்குப் பின்னால் இருந்த நாற்றங்கால் கார் நிறுத்துமிடமாகிவிடும். தாளில் பார்த்தால் பற்றாக்குறை பூஜ்யம்!

ஆகவே, "எத்தனை காலியிடம்?" என்ற கேள்வியோடு "எத்தனை பள்ளிகளில் இந்தப் பாடத்தையே எடுக்க முடியாமல் இருக்கிறது?" என்றும் கேட்க வேண்டும். 2021இல் கல்வி அமைச்சு ஒரே தடவைச் சிறப்பு நியமனமாக 18,702 ஆசிரியர்களை எடுக்கப்போவதாக அறிவித்தது நினைவிருக்கலாம். அவ்வளவு பெரிய எண்ணிக்கையும் பாடவாரியாகத்தான் பிரியும். மொத்தமாக ஆசிரியர் தேவை என்பது வேறு, உங்கள் பாடத்துக்கு, நீங்கள் கேட்கும் மாநிலத்தில் இடம் இருப்பது வேறு. இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இப்போது இதைப் பற்றிப் பேச வேண்டும்?

2023 செப்டம்பரை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு ஜூலை 20 அன்று இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. செப்டம்பர் 1 முதல் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை பெர்னாஸ் ஒரு டன்னுக்கு 2,350 ரிங்கிட்டில் இருந்து 3,200 ரிங்கிட்டாக உயர்த்தியது. உள்ளூர் அரிசிக்குக் கிலோ 2 ரிங்கிட் 60 காசு என்ற கட்டுப்பாட்டு விலை இருந்தது. எல்லாரும் அதைத் தேடிப் போக, பல கடைகளில் உள்ளூர் அரிசி மூட்டை காணாமல் போனது. அதற்கு முந்தைய ஆண்டு, 2022 ஜூன் 1 முதல், உள்ளூரில் தட்டுப்பாடு வந்ததால் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது.

நம் நாடு உணவு இறக்குமதிக்கு ஆண்டுக்கு 6,000 கோடி ரிங்கிட்டுக்கும் மேல் செலவிடுகிறது. சமையலறையில் தினமும் கைக்கு வரும் இஞ்சியிலும் மிளகாயிலும் பெரும்பகுதி வெளியில் இருந்துதான் வருகிறது. 2021 முதல் 2030 வரையிலான தேசிய வேளாண் உணவுக் கொள்கை, நவீன தொழில்நுட்பத்தையும் இளைஞர்களையும் இந்தத் துறைக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறது.

சரி, அந்த இளைஞர்கள் எங்கிருந்து வருவார்கள்? வயலில் இப்போது இருப்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். பதினாறு வயதில் ஒரு விதை முளைப்பதைக்கூட பள்ளியில் ஒழுங்காகப் பார்க்காத பிள்ளை, இருபத்தைந்து வயதில் மானியம் தருகிறோம் என்றதும் பண்ணை போட வந்துவிடுமா? நடுவில் ஒரு ஆசிரியர் தேவை.

வீட்டில் ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

இதற்குக் காரணம் சுங்கை பாக்காப் மண்ணிலேயே இருக்கிறது. இந்த ஊர் 19ஆம் நூற்றாண்டில் கீ லாய் ஹுவாட் என்ற தியோச்சியூ கரும்புத் தோட்ட முதலாளியால் உருவானது. அன்று செபராங் பிறை முழுக்கக் கரும்பு. நிபோங் திபால் பக்கத்து கலிடோனியா தோட்டத்தில் இன்றும் சிதைந்து நிற்கும் '99 கதவு மாளிகை' ஐரோப்பியத் தோட்டத் துரைகளின் வீடு. கரும்பு வெட்ட ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது. பிறகு ரப்பர் போய் செம்பனை. பயிர் இரண்டு முறை மாறியும் வேலை செய்தவர்களின் நிலை பெரிதாக மாறவில்லை.

எந்த நேரத்தில் மரம் சீவினால் பால் நன்றாக இறங்கும், எந்தக் குலை பழுத்தது, எந்த இடத்தில் தண்ணீர் தேங்கும் என்பதெல்லாம் நம் தாத்தா பாட்டிக்கு அத்துப்படி. ஆனால், எவ்வளவு உரம், எப்போது மறுநடவு, என்ன விலை என்பதைத் துரை முடிவு செய்தார், கிராணி எழுதினார், கங்காணி வந்து சொன்னார். அறிவு இருந்தது, அதிகாரம் இல்லை.

பள்ளியும் அப்போது உதவவில்லை. 1920களில் காலனி ஆட்சியின் கல்விக் கொள்கை, விவசாயி மகனை இன்னும் கொஞ்சம் நல்ல விவசாயியாக்கினால் போதும் என்ற நோக்கில் இருந்தது. 1922இல் தஞ்சோங் மாலிமில் மலாய்ப் பள்ளி ஆசிரியர்களுக்காகத் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியில் தோட்டவேலையும் கூடை பின்னுவதும் பயிற்சியில் சேர்ந்திருந்தன. விவசாயப் பாடம் என்றால் "நீ இருக்கிற இடத்திலேயே இரு" என்று அர்த்தம். அந்தக் கசப்பு நம் வீடுகளிலும் உண்டு. 'படித்தால் தோட்டத்தை விட்டு வெளியே போகலாம்' என்பதே பல தலைமுறைகளின் கனவு.

ஆகவே, அம்மா அப்பா வேண்டாம் என்றால் கோபப்படாதீர்கள். அவர்கள் பயப்படுவது விவசாயத்தைப் பார்த்து இல்லை, சொந்த முடிவு எடுக்க முடியாத ஒரு வாழ்க்கையைப் பார்த்து. நீங்கள் அவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் அதைப் பற்றித்தான். விவசாய ஆசிரியர், துரை மட்டும் வைத்திருந்த கணக்கை எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லித்தருகிறவர்.

அந்த வேலையில் அப்படி என்ன இருக்கிறது?

ஒரு உதாரணம் பார்ப்போம். மிளகாய்க்கு இப்போது பலர் ஃபெர்ட்டிகேஷன் முறையைப் பயன்படுத்துகிறார்கள். தண்ணீரில் உரத்தைக் கரைத்து, சின்னக் குழாய் வழியாக ஒவ்வொரு பைக்கும் சொட்டுச் சொட்டாக விடுவது. அதற்கு 'ஏ', 'பி' என்று இரண்டு உரக் கரைசல் இருக்கும். ஏன் இரண்டு? ஒரே தொட்டியில் கொட்டினால் என்ன?

'ஏ' கரைசலில் கால்சியம் இருக்கிறது. 'பி'-யில் சல்பேட்டும் பாஸ்பேட்டும். அடர்த்தியாக இருக்கும்போது இரண்டையும் கலந்தால் கால்சியம் அவற்றோடு சேர்ந்து கரையாத வெள்ளைத் தூளாக அடியில் படியும். செடிக்குச் சத்தும் போகாது, குழாயும் அடைத்துக்கொள்ளும். நிறையத் தண்ணீரில் தனித்தனியாக ஊற்றினால் பிரச்சினை இல்லை. வேதியியல் வகுப்பில் வீழ்படிவு என்று மனப்பாடம் செய்து மறந்த விஷயம், இங்கே மிளகாய்ச் செடி வாடும்போது புரிந்துவிடும்.

அக்குவாபோனிக்ஸும் அப்படித்தான். மீன் கழிவில் அம்மோனியா வரும். அது மீனுக்கே விஷம். ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட்டைக் கீரை எடுத்துக்கொள்ளும், சுத்தமான தண்ணீர் மீனுக்குத் திரும்பும். தொட்டி வைத்த முதல் வாரத்தில் பாக்டீரியா போதுமான அளவு வளர்ந்திருக்காது. அவசரப்பட்டு நிறைய மீன் விட்டால் செத்து மிதக்கும். "சார், ஏன் செத்துச்சு?" என்று பிள்ளைகள் கேட்கும் அந்த நிமிஷம்தான் உண்மையான பாடம்.

வகுப்பில் பின்வரிசையில் வாயே திறக்காத பிள்ளை, நாற்றங்காலில் முதல் ஆளாக நிற்பதை இந்தப் பாடத்தில் பார்க்கலாம். விளைந்ததை விற்றால் கணக்கு வரும், விலை பேச மொழி வரும். சொல்லித்தந்ததன் பலன் சில வாரங்களில் கண்ணுக்குத் தெரியும் பாடம் எல்லா ஆசிரியருக்கும் கிடைப்பதில்லை. அரசுப் பள்ளி ஆசிரியர் என்ற முறையில் மாதச் சம்பளமும் நிலையானது. பட்டதாரி ஆசிரியர்கள் பழைய சம்பள முறையில் டிஜி41 நிலையில் தொடங்கினார்கள். 2024 டிசம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த புதிய முறையில் அது டிஜி9.

கஷ்டத்தையும் சொல்லுங்க!

சொல்கிறோம். செடிக்கும் கோழிக்கும் பள்ளி விடுமுறை தெரியாது. தீபாவளி லீவிலும் யாராவது தண்ணீர் ஊற்ற வேண்டும். வெயிலில் நிற்க வேண்டும். விதை, உரம், கருவி வாங்கப் பள்ளியில் ஒதுக்கும் பணம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. பறவை, பூச்சி, வெள்ளம் ஒரே நாளில் மொத்த உழைப்பையும் கொண்டுபோகலாம்.

முதல் பணியிடம் சபாவிலோ சரவாக்கிலோ கிடைக்கலாம். சுங்கை பாக்காப்பில் இருந்து பார்த்தால் அது ரொம்ப தூரம். பள்ளியில் விவசாய வகுப்பு குறைவாக இருந்தால் ஆர்.பி.தி.யோ அறிவியலோ சேர்த்து எடுக்கச் சொல்வார்கள். பட்டம் வாங்கியதும் உடனே நியமனம் வரும் என்ற உறுதியும் இல்லை.

மலேசியாவில் மட்டும்தான் இப்படியா என்றால், இல்லை. அமெரிக்காவில் 1917இல் வந்த ஸ்மித்-ஹியூஸ் சட்டம் பொதுப் பள்ளிகளில் விவசாயக் கல்விக்கு மத்திய அரசின் பணத்தைக் கொண்டுவந்தது. 1928இல் பள்ளி மாணவர்களுக்கான எஃப்.எஃப்.ஏ. அமைப்பு தொடங்கியது. நூறு வருஷ வரலாறு இருந்தும் அங்கே விவசாய ஆசிரியர் கிடைப்பது கஷ்டம். விவசாயக் கல்வியில் பட்டம் பெற்றவரை உர நிறுவனங்களும் விதை நிறுவனங்களும் அழைக்கின்றன. இதனால் விவசாய ஆசிரியர்களின் அமைப்பே "வாங்க, ஆசிரியராகுங்க" என்று இளைஞர்களிடம் தனிப் பிரசாரம் நடத்துகிறது. இதில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு: பள்ளியில் இடம் கிடைக்கத் தாமதமானாலும், இந்தப் படிப்பு வேறு கதவுகளையும் திறக்கும்.

எப்படி விவசாய ஆசிரியர் ஆவது?

படி 1: எஸ்.பி.எம். மலாய் மொழியும் வரலாறும் தேறாமல் சான்றிதழே கிடைக்காது என்பது உங்களுக்குத் தெரியும். ஆசிரியராக வேண்டும் என்றால் மலாயில் நல்ல தேர்ச்சி அவசியம். அறிவியல், கணிதத்தை விட்டுவிடாதீர்கள். பள்ளியில் விவசாயம் இருந்தால் எடுங்கள். இல்லாவிட்டாலும் கதவு மூடிவிடவில்லை.

படி 2: எஸ்.பி.எம். முடிந்ததும் எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், டிப்ளோமா என்று பல வழி. புத்ரா மலேசியா பல்கலைக்கழகம், அதாவது யு.பி.எம்., விவசாய அறிவியலுக்கென்றே அடிப்படைப் படிப்பு நடத்துகிறது. 1931இல் செர்டாங்கில் விவசாயப் பள்ளியாகத் தொடங்கி, 1971இல் விவசாயப் பல்கலைக்கழகமாகி, 1997இல் இப்போதைய பெயரைப் பெற்றது அது.

படி 3: பட்டம். விவசாய அறிவியல் கல்வியியல் இளங்கலைப் பட்டத்துக்கு இரண்டு முக்கிய இடம்: யு.பி.எம்., தஞ்சோங் மாலிமில் இருக்கும் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் (உப்சி). தோட்டவேலையும் கூடை பின்னுவதும் சொல்லித்தந்த அந்தப் பழைய கல்லூரிதான் இன்றைய உப்சி! விண்ணப்பம் யு.பி.யு. வழியாக. கல்வியியல் படிப்புகளுக்கு மெட்சி தேர்வும் நேர்காணலும் உண்டு. 'டீச்சர் காலேஜ்' என்று நாம் சொல்லும் ஆசிரியர் கல்விக் கழகங்கள் பெரும்பாலும் தொடக்கப்பள்ளிக்கு ஆசிரியர்களை உருவாக்குபவை, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

படி 4: விவசாயத்தில் பொதுவான பட்டம் எடுத்துவிட்டு, பிறகு பட்டதாரிகளுக்கான கல்வி டிப்ளோமா செய்வது இன்னொரு வழி. மனம் மாறினால் துறையிலேயே வேலை தேட இது வசதி.

படி 5: நிரந்தரப் பணிக்குக் கல்விச் சேவை ஆணையத்தில் (எஸ்.பி.பி.) பதிவு செய்து, நேர்காணலுக்குப் போக வேண்டும். எந்தப் பாடங்களுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பது ஒவ்வொரு முறையும் மாறும், அதன் அறிவிப்புகளைத் தொடர்ந்து பாருங்கள்.

முடிவெடுக்கும் முன் என்ன செய்யலாம்?

முதலில், நீங்களே ஒரு செடியை வளர்த்துப் பாருங்கள். பத்துப் பை மிளகாய் போதும். விதை போட்ட நாள், ஊற்றிய உரம், வந்த பூச்சி, பறித்த எடை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்தும் அந்த நோட்டில் எழுதிக்கொண்டிருந்தால் இந்த வேலை உங்களுக்கு ஒத்துவரும். பிறகு, அதை உங்கள் தம்பிக்கோ தங்கைக்கோ சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். வளர்க்கப் பிடிப்பது வேறு, சொல்லித்தரப் பிடிப்பது வேறு.

வீட்டில் தோட்டத்தில் வேலை செய்த பாட்டி, தாத்தா இருந்தால் அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். மழை வருவதை எப்படித் தெரிந்துகொண்டார்கள், எந்தச் செடிக்குப் பக்கத்தில் எதை நடக் கூடாது என்று. சிலது அறிவியலோடு ஒத்துப்போகும், சிலது போகாது. எது எது என்று பிரித்துப் பார்ப்பதே ஒரு நல்ல பாடம்.

கடைசியாக, படிவம் 3-இல் இருந்தால் பள்ளி ஆலோசக ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். "நம்ம பள்ளியில விவசாயத் தொகுப்பு இருக்கா? இல்லைன்னா ஏன் இல்லை?" என்று கேளுங்கள். பாடம் இல்லாத பள்ளியில் அந்தக் கேள்வியும் வருவதில்லை. நாலு மாணவர்கள் சேர்ந்து கேட்டால், குறைந்தது அது ஒரு கூட்டக் குறிப்பிலாவது ஏறும். தேவை தாளில் பதிவாவது அங்கிருந்துதான் தொடங்குகிறது.